வண்டியில மாப்ள சொன்னது

திரும்பாதீங்க! திரும்பாதீங்க சார், நான்தான் பேசுறேன், பக்கத்து சீட்டு. நீங்க ஜன்னலைப் பாத்துக்கிட்டே கேளுங்க, போதும். கழுத்துல பட்டையை மாட்டிக்கிட்டு, ஆரு கூப்பிட்டாலும் வெடுக்குனு திரும்புனா அப்புறம் அந்தப் பட்டை எதுக்கு? அழகுக்கா? அதுவும் லூசா இருக்கு. தாடைக்கும் பட்டைக்கும் நடுவுல என் ரெண்டு விரல் போவுது பாருங்க. சரி சரி, தொடல.

பைக்கா? நாய் குறுக்க வந்துச்சா? எல்லாரும் நாயைத்தான் சொல்றாங்க சார். நாயைக் கேட்டா அது வேற கதை சொல்லும்.

இல்ல, இந்தக் கழுத்து விஷயத்துல எனக்குக் கொஞ்சம் அனுபவம். நம்ம மலையில ஒரு கழுத்தக் காப்பாத்துனவன் நான். கையாலயே. ஒரு சாக்கு, ஒரு கதவு, ஒரு வேட்டி. அவ்வளவுதான் சாமான். அடிவாரத்து ஆஸ்பத்திரியில டாக்டரே கேட்டாரு. எப்படின்னா, இப்படி மூக்குல பேசுவாரு அவரு: "ஹூம், யாருய்யா இதைக் கட்டுனது? எலும்பு விரிசல் விட்டிருக்கு, நரம்பு தப்பிச்சிருக்கு. யாருய்யா?" அப்படியே அவரு குரலு சார் இது. வேணும்னா போய்க் கேட்டுப் பாருங்க.

ஆனா காப்பாத்துனதுக்கு எனக்குக் கிடைச்சது என்ன தெரியுமா? என் தங்கச்சி மவளுக்கு இன்னைக்குக் காதுகுத்து. முகூர்த்தம் ஒம்பதுலேர்ந்து பத்தரை. தாய்மாமன் நான். கூடப்பொறந்தவன், ஒருத்தனே ஒருத்தன். மடி யாருது? என்னுது. ஊரு உலகத்துல கேட்டுப் பாருங்க, என்னுது. அந்த மடிய அங்கமுத்துக்குக் குடுத்திருக்கா! எங்க சித்தப்பன் மவன். பிள்ளைய வாங்குனா கோணிமூட்டைய வாங்குற மாதிரி கக்கத்துல வாங்குவான், அவன் மடியில என் மருமவ உக்காரப்போறா.

ஒரே ஒரு கேள்விக்கு பதில் சொன்னா மடி எனக்காம். "அன்னைக்கு வண்டியில அவரு என்ன சொன்னாரு? நெசமா என்ன சொன்னாரு?" இதுதான் கேள்வி. அவருன்னா அவ புருஷன், அந்தக் கழுத்துக்காரரு. சொல்லலேன்னா அங்கமுத்து. அதுக்குத்தான் போறேன். இந்தப் பையில பட்டுப்பாவாடை இருக்கு, தோடு இருக்கு. பதிலு மட்டும்தான் இல்ல.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்றேன். அந்தப் பக்கம் பாருங்க, அந்த வளைவுக்கு மேல சில்வர் மரம் தெரியுதே... ஐயோ, திரும்பாதீங்கன்னேன்ல! நானே சொன்னேன்தான், இருந்தாலும் திரும்பாதீங்க.

மாசி மாசம், மெளகு பறிப்பு. சில்வர் மரத்துலதான் மெளகுக் கொடி ஏத்தியிருப்போம். ஒத்த மூங்கிலு, கணுவுக்குக் கணு குச்சி. அதுல கால் வெச்சு ஏறணும். எங்க மாப்ள, தங்கச்சி புருஷன், பேரு இளையப்பன். நல்ல பறிகாரரு. பேச்சுதான் கிடையாது. காலையில ஒரு "உம்", சாயங்காலம் ஒரு "உம்". நடுவுல ஏதாவது கேட்டா, அதுக்குத் தனியா ஒரு "உம்". பத்து வருஷம் குடும்பம் நடத்துறா தவமணி. தங்கச்சி பேரு தவமணி. என்னதான் பேசுவாங்களோ.

அன்னைக்கு அவரு இருபதடி உசரத்துல நிக்கிறாரு. நான் கீழ கொட்டுன மெளகைக் கூட்டிக்கிட்டிருக்கேன். பசி நேரம். சும்மா ஒரு குரல் குடுத்தேன். தங்கச்சி குரல்ல. எனக்கு யாரு குரலும் வரும் சார், சின்னதுலேர்ந்து. அவ கூப்பிடுற மாதிரியே, "ஏங்க்க்! சோறு ஆறுதூஊ!" அவ்வளவுதான். தினமும் கூப்பிடுறதுதான். தினமும் அவரு "உம்"பாரு, நாங்க சிரிப்போம். அன்னைக்குன்னு திரும்பிப் பாத்துட்டாரு. பாக்கலாமா? இருபதடியில நிக்கிற ஆளு திரும்பலாமா? குச்சி பொலபொலத்து இருந்திருக்கு. மூங்கிலு பழசு. நாலு வருஷ மூங்கிலு சார் அது, மாத்துங்க மாத்துங்கன்னு நானே எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்!

தொப்புனு ஒரே சத்தம்.

ஓடுனோம். ஆளு மல்லாக்கக் கெடக்குறாரு. கண்ணு தொறந்திருக்கு. ஒருத்தன் "தூக்கி உக்கார வைங்கடா"ங்கறான். ஒருத்தன் சோடாவ ஒடைக்கிறான். சோடா எங்கேர்ந்துதான் வருமோ, மனுசன் விழுந்தா மொதல்ல சோடா வந்துரும். அதுக்குள்ள சீரங்கன் வந்துட்டாரு. சீரங்கன்னா எங்க ஊரு சுளுக்கு எடுக்குறவரு. அறுபது வயசு, கட்டைவிரல் ஒவ்வொண்ணும் வாழைப்பூ கணக்கா இருக்கும். "கழுத்துப் பெறண்டிருக்கு. விலகுங்க, ஒரே இழுவை, சரியாப் போயிரும்"னு ரெண்டு கையிலயும் எண்ணெயத் தேச்சுக்கிட்டு வர்றாரு.

அப்பத்தான் எனக்குச் சுருக்குனுச்சு. அதுக்கு முந்துன வருஷம் எங்க ஊரு ஸ்கூல்ல மூணு நாளு முதலுதவிப் பயிற்சி குடுத்தாங்க. மூணு நாளும் மதியம் பிரியாணி. நான் போனது பிரியாணிக்கு. உக்காந்தது அந்த சிஸ்டர் பேச்சுக்கு. ஜெசிந்தா சிஸ்டர், நாகர்கோவில் பக்கம். அந்தப் பேச்சு இருக்கே, அல்வா! மூணு நாளும் பாடம் எதையும் கவனிக்கல. பேச்சைத்தான் கவனிச்சேன். ஒரு எழுத்து விடாம மனசுல ஏத்திக்கிட்டேன், அப்புறம் டீக்கடையில செஞ்சு காட்டலாம்னு.

இப்ப மாப்ள கெடக்குறாரு. என்ன செய்யணும்னு யோசிச்சா ஒண்ணும் வரல. என் பேச்சுல வரல சார். சீரங்கன் மண்டியே போட்டுட்டாரு. வாயத் தொறந்தேன், வந்தது சிஸ்டர்.

"லேய்! அந்தக் கழுத்த அனக்கப்பிடாது, அசைக்கப்பிடாது, கேட்டியளா! அனக்குனா தீந்து மக்களே! பெறவு ஆயுசுக்கும் கெடைதான்!"

சீரங்கன் அப்படியே நின்னுட்டாரு. நான் என் குரல்ல சொல்லியிருந்தா, "போடா கோமாளி"ன்னு கழுத்தத் திருவியிருப்பாரு. அந்த சிஸ்டர் குரலுக்கு ஊரே பயந்தது. எனக்கும் அந்தக் குரல் வந்தாத்தான் அடுத்தது என்னன்னு ஞாபகம் வருது. வேற வழி? மண்டி போட்டு, மாப்ள தலைய ரெண்டு கையாலயும் ஏந்திப் புடிச்சுக்கிட்டு, பொம்பள குரல்ல கத்துறேன்.

"தலையப் பிடிச்சவன்தான் ராசா! அவன் எண்ணுவான், மத்தவிய பொரட்டுவிய! தோள் ஒருத்தன், இடுப்பு ஒருத்தன், கால் ஒருத்தன்! கட்டை உருளுதமாதிரி மொத்தமா உருளணும், மேலு ஒருபக்கம் கீழு ஒருபக்கம் போவப்பிடாது! தண்ணி குடுக்கப்பிடாது! சோடாவ நீயே குடிச்சுக்கோ!"

குடிச்சான் சார். நெசமாவே குடிச்சான்.

"மாப்ள, கால் வெரல ஆட்டுங்க"ன்னேன். ஆடுச்சு. "பக்கத்துல நிக்குத தம்பி கையப் பிடிச்சு அமுக்குங்க"ன்னாங்க என் வாயில இருந்த சிஸ்டர். அமுக்குனாரு, கொஞ்சமா. கை மரத்திருக்குன்னாரு. அப்போ நரம்பு இருக்கு, ஆனா நூலுல தொங்குது. இப்படித்தான் சிஸ்டர் சொல்லியிருந்தாங்க.

பலகை வேணும். பக்கத்துல பறிகாரங்க தங்குற கொட்டாய். கதவைக் கழட்டச் சொன்னேன். அந்தக் கொட்டாய்க்காரி குப்பாயி இருக்காளே, "ஐயையோ, பொணத்துக்குத்தாண்டா கதவக் கழட்டுவாங்க"ன்னு ஒரே கூச்சல். கழட்டியாச்சு. மூணு எண்ணி உருட்டி, கதவை உள்ள சொருவி, உருட்டி வெச்சாச்சு. ஒடம்ப மொதல்ல கட்டணும், தலைய கடைசியில கட்டணும். இது நெறைய பேருக்குத் தெரியாது, நீங்க தெரிஞ்சு வெச்சுக்குங்க. தலைய மொதல்ல கட்டிட்டு ஒடம்பு நழுவுனா கழுத்து என்னாவும்? என் வேட்டியக் கிழிச்சு மாருல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு, முட்டிக்கு மேல ஒண்ணு. ரெண்டு கோணிய இறுக்கிச் சுருட்டி காதுக்கு ரெண்டு பக்கமும் அண்டக் குடுத்தேன். நெத்திக்குக் குறுக்க துண்டு. தாடையில கட்டப்படாது, வாந்தி வந்தா போச்சு.

காலைச் சொல்லல பாருங்க, அது தலைக்கு முந்தி. கணுக்கால்ல கட்டணும்னாங்க சிஸ்டர். வேட்டியில ஒரு முழந்தான் மிச்சம், அது கணுக்காலுக்கு எட்டல. அதனால கட்டைவிரலு ரெண்டையும் சேத்து ஒரு கட்டு.

சிரிக்கிறீங்களா? பட்டை ஆடுது, சிரிக்காதீங்க. எட்டலேன்னா என்ன சார் பண்றது? இருவது முப்பது சாவுக்குக் கட்டுன கை, அதுபாட்டுக்குக் கட்டிருச்சு.

அப்பத்தான் தவமணி வர்றா. களத்துலேர்ந்து ஓடியாறா. என்ன பாக்குறா? கதவு மேல புருஷன். தலையில துணிக்கட்டு. கட்டைவிரல்ல கட்டு. தலை எந்தப் பக்கம்? தெக்க! ஆரும் வேணும்னு வெக்கல, வண்டி வர்ற பக்கம் அது. எடுத்தா பாருங்க ஒரு ஒப்பாரி, "என்னப் பெத்த ராசாஆஆ!" அவ எடுத்ததும் குப்பாயி எடுக்குறா, குப்பாயி எடுத்ததும் கிழடு கட்டையெல்லாம் எடுக்குது. சீரங்கன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு கும்புடறாரு. நான் கத்துறேன், "இருக்காரு, இருக்காரு"ன்னு, எவ கேக்குறா? கதவு மேலேர்ந்து மாப்ள மெதுவா கேட்டாரு பாருங்க: "யாரு செத்தா?"

தவமணி அங்கேயே பொத்துனு விழுந்துட்டா. இப்பச் சொல்லுங்க, இதுக்கு நான் பொறுப்பா?

அவ மயங்கிக் கெடந்ததால வண்டியில ஏத்தல. வாழைத்தார் ஏத்துற வண்டி, கதவை வெச்சா மத்தவங்க தொங்கித்தான் வரணும். மேல சிக்னல் கிடையாது, போன் பண்ண பாதி மலை எறங்கணும், எறங்குறதுன்னா இதுலயே எறங்கிரலாம். அவள அப்புறம் பஸ்ல வரச் சொல்லிட்டுக் கெளம்பிட்டோம்.

ரெண்டே முக்கா மணி நேரம் சார். இப்ப நாம எறங்குறோமே, இதே வளைவு. நான் தலைமாட்டுல, முட்டிக்கு நடுவுல அவரு தலை, ரெண்டு கையிலயும் ரெண்டு காது. துண்டு கட்டியிருந்தாலும் கைய எடுக்கப்படாதுன்னாங்க சிஸ்டர். எடுக்கல. மூக்கு அரிச்சுது, எடுக்கல. ஒரு எடத்துல வாந்தி எடுத்தாரு. நாலு பேரும் கதவோட சேத்து அப்படியே பக்கவாட்டுல சாச்சோம், ஒரு சொட்டு உள்ள போவல. இதையெல்லாம் ஆராவது சொல்றானா? இல்ல. எங்க ஊருல கேளுங்க. "கட்டைவிரலக் கட்டுனவன்." அதுதான் என் பேரு இப்ப.

பாதி மலையில அவருக்குத் தாங்கல. முண்டுறாரு. "அவுத்து விடு, அவுத்து விடு"ன்னு தோள ஒதறுறாரு. சிஸ்டர் குரல்ல அதட்டுனேன், கேக்கல. அப்பத்தான் தங்கச்சிய எடுத்தேன். "ஏங்க, சும்மா கெடங்க. ஆடுனா நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிருவேன்"னேன், அச்சு அசலா அவளாட்டமே. அடங்கிட்டாரு! பொம்மையாட்டம் அடங்கிட்டாரு. அதுலேர்ந்து அடிவாரம் வரைக்கும் நான் தவமணிதான். மாட்டைப் பத்திப் பேசுனேன், பிள்ளையத் திட்டுனேன், குழம்புக்கு உப்புப் போட மறந்துட்டேன்னேன். அவரு கண்ணை மூடிக்கிட்டு நடுவுல நடுவுல ஏதோ சொன்னாரு. நானும் அவளாட்டமே பதில் சொன்னேன்.

பொழச்சுட்டாரு. ரெண்டு மாசம் கழுத்துல பட்டை, இப்ப கம்பு ஊனிக்கிட்டு நடக்குறாரு. மலை ஏற முடியாதுன்னு அடிவாரத்துலயே வீடு புடிச்சுட்டாங்க.

அப்புறம் சித்திரைத் திருவிழா. மேடையில வருஷா வருஷம் என் ஐட்டம் உண்டு. இந்த வருஷம் "வாழைத்தார் வண்டி"ன்னு புதுசா ஒண்ணு போட்டேன். சார், கூட்டம் உருண்டுச்சு! ரெண்டு நாற்காலியச் சேத்துப் போட்டு அதுல கெடந்துக்கிட்டு நானே மாப்ள, நானே தவமணி. மாப்ள சொல்றாரு: "தவமணி, நீ வெக்கிற ரசம் நல்லாருக்குன்னு பத்து வருஷமா பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிரு." தவமணி: "நானும் அது ரசம்னு பொய்தாங்க சொன்னேன்." மாப்ள: "உங்கம்மா செத்தப்போ நான் அழுதேனே, கண்ணுல மெளகுத்தூளு." விசிலு பறக்குது. மூணாவது வரிசையில தவமணி உக்காந்திருந்தா, மலைக்கு மேல சாமி கும்புட வந்தவ. பாதியில எந்திரிச்சுப் போயிட்டா. குழந்தை அழுதிருக்கும்னு நெனச்சேன்.

மாப்ளைக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியாம். "வண்டியில என்ன பேசுனீங்க?"ன்னு அவ கேட்டா, "உம்." அவ்வளவுதான்.

போன வெள்ளிக்கிழமை மேல வந்தா, வெத்தலத்தட்டோட, வூடு வூடா அழைக்க. எங்க வூட்டுக்குக் கடைசியா வந்தா. உள்ள வரல, வாசல்லயே நிக்கிறா. கையில தட்டு இல்ல. நான் கேட்டேன், "என்ன தவமணி, இன்னும் அந்தக் கட்டைவிரலு கோவமா?"ன்னு. "கட்டைவிரலா?"ன்னா. என்னையே பாத்தா. "என் கொரல வெச்சு அவரைக் கீழ தள்ளுன. என் கொரல வெச்சே தூக்கிட்டுப் போன. சரி, உசுரோட கொண்டாந்து விட்டுட்ட, அத நான் பேசல. அண்ணா, எங்கிட்ட பேசுறதா நெனச்சு அவரு என்னமோ சொல்லியிருக்காரு. பத்து வருஷத்துல எங்கிட்ட சொல்லாதது. அத ஊரே கேட்டு சிரிச்சாச்சு. எனக்கு மட்டும் தெரியல. எது அவரு சொன்னது? எது நீ சேத்தது?"

தள்ளுனேனாம்! கேட்டீங்களா? மூங்கிலு பழசு சார்.

"எல்லாம் ஒண்ணுதானே"ன்னேன். ஐட்டம் நிக்கணும்னா நாலு வரி சேக்கத்தான் செய்யணும். "அப்போ மடியில அங்கமுத்து உக்காரட்டும்"னுட்டா. நாலு அடி போனவ திரும்பி வந்து சொல்றா: "காதுகுத்துக்குள்ள யோசி. நெசமா அவரு சொன்னது ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை கொண்டா. மடி உன்னுது."

ஆறு நாளா யோசிக்கிறேன் சார். டீக்கடையில, மேடையில, கல்யாண வீட்டுலன்னு நாப்பது அம்பது தடவை போட்டாச்சு. ஒவ்வொரு தடவையும் ஒண்ணு கூடுது. இப்ப எது மேல எதை வெச்சேன்னு எனக்கே தெரியல. ரசம்? ரசம் நான் சேத்தது, அது நிச்சயம், மேடைக்கு மொத நாள் தோணுச்சு. மெளகுத்தூளு? அது டீக்கடையில தானா வந்தது. "அடுத்த ஜென்மத்துல நீ மரம் ஏறு, நான் சோறு ஆறுதுங்கறேன்"னு ஒண்ணு இருக்கு, நல்ல வரி அது, அதுக்குத்தான் கைதட்டு அதிகம். அவரு அவ்வளவு நீளமா பேசுவாரா? மாட்டாரு. அப்போ அதுவும் என்னுது.

இன்னும் எத்தனை வளைவு இருக்கு? ரெண்டா? இருங்க, இருங்க. இதோ, இந்தக் கொண்டை வளைவுதான். இங்கதான் வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு. என் கை வேர்த்து வழுக்குது. மாத்திப் புடிக்கலாம்னு ஒரு கைய லேசா எடுக்கப் போனேன். அப்ப சொன்னாரு. கண்ணத் தொறக்கல. சொன்னாரு சார், இது நான் சேத்ததில்ல, இதுக்கு எவனும் சிரிச்சதில்ல, அதான் ஐட்டத்துல சேக்காம விட்டுட்டேன். சொன்னாரு:

"கைய எடுத்துராத மச்சான்."

ஆமா. இதான். இதான் சார்! வந்துருச்சு! அப்படியே அவரு குரலு...

மச்சான்.

மச்சான்னா சொன்னாரு?

அப்போ ஆளு தெரிஞ்சுதான் கெடந்திருக்காரு. பொண்டாட்டி இல்ல, நான்தான்னு தெரிஞ்சே, மாட்டுப் பேச்சு, உப்புப் பேச்சு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு... ஞாபகம் இல்லேங்கறாரே, அதுவும்...

இல்ல சார், எனக்கு ஒண்ணும் ஆவல. தூசி.

இத எப்படி அவகிட்ட சொல்றது? ஆறு மாசமா காத்துக்கிட்டிருக்கா. "அவரு உங்கிட்ட ஒண்ணும் பேசல தவமணி, எங்கிட்டதான் பேசுனாரு"ன்னு காதுகுத்து வீட்டுல போய்ச் சொல்லவா? நெசந்தான் கேட்டா. நெசத்தக் குடுத்தா அவ மூஞ்சி என்னாவும்? மடி கெடைக்கும். மூஞ்சி?

கண்டக்டரே, ஒரு நிமிஷம், எறங்குறேன், விசிலு அடிச்சிராதீங்க! சார், சார். கல்யாணம் ஆன ஆளுதானே நீங்க? பைக்குலேர்ந்து விழுந்தீங்கல்ல, விழுந்து கெடந்தப்போ வீட்டுக்காரம்மாகிட்ட என்ன சொல்லணும்னு தோணுச்சு? சட்டுனு சொல்லுங்க. கூச்சப்படாதீங்க, எறங்கப்போற ஆளு நான், யாருகிட்டப் போய்ச் சொல்லப்போறேன்? ம்? சத்தமா சொல்லுங்க, எஞ்சின் இரைச்சலு.

...

ம்.

இதையா? இத நீங்க அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லலியா?

நல்லாருக்கு சார். மாப்ள செத்தாலும் இப்படிப் பேச மாட்டாரு. ரொம்ப நீளம். பாதி போதும், கடைசியில ஒரு "உம்" போட்டுக்கிறேன்.

அவ நம்பிருவா. திரும்பாதீங்க, நானே எறங்கிக்கிறேன்.